உங்களுக்குத் தெரியுமா? வழக்குக்கு முன்பே வந்த மன்னிப்பு!

அமெரிக்க முன்னாள் அதிபர் ரிச்சர்ட் நிக்சன் மீது வழக்குத் தொடரும் முன்பே அவருக்குப் பொதுமன்னிப்பு கிடைத்துவிட்டது!

• வாட்டர்கேட் ஊழலால் நிக்சன் பதவி விலகியது 1974 ஆகஸ்ட் 9. அடுத்து வந்த அதிபர் ஜெரால்டு ஃபோர்டு மன்னிப்பு வழங்கியது செப்டம்பர் 8. இடைவெளி 30 நாள்தான்.

• எந்தக் குற்றத்தையும் பெயர் சொல்லாத மன்னிப்பு அது. நிக்சனின் ஆட்சிக்காலம் முழுவதற்கும் பொருந்தியது.

• எதிர்ப்புத் தெரிவித்து ஃபோர்டின் செய்திச் செயலாளரே அன்று ராஜினாமா செய்தார்.

• மன்னிப்பை ஏற்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்னும் 1915-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பகுதியை ஃபோர்டு தன் பர்ஸிலேயே வைத்திருந்தார்.

• நிக்சனின் நெருங்கிய சகாக்கள் ஹால்டிமன், எர்லிக்மன், மிட்செல் மூவரும் சிறை சென்றனர்.

தலைவருக்கு மன்னிப்பு, கீழிருந்தவர்களுக்குச் சிறை. இது நீதி ஆகாது.