வயலுக்குள் இறங்கிய தண்டவாளம்

தகவல் துளி.

1875-ஆம் ஆண்டு. பாரிஸ் நகருக்குத் தெற்கே, பெத்தி பூர் பண்ணை. பண்ணைக்காரர் பால் தெகோவிலின் வயலில் சர்க்கரை பீட் கிழங்கு நன்றாக விளைந்து கிடக்கிறது. ஆனால் மழையில் நிலம் சேறாகிவிட்டது, பாரவண்டிகளை உள்ளே இறக்க வழியில்லை.

பண்ணையிலேயே அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. அங்கே உருவானதுதான் தூக்கிச் செல்லும் தண்டவாளம்! இரண்டு சிறு தண்டவாளங்கள், குறுக்கே இரும்புச் சட்டங்கள், எல்லாம் ஒன்றாகப் பிணைத்து, பார்வைக்கு ஏணி போல. தண்டவாளங்களுக்கு இடையே அகலம் வெறும் 40 சென்டிமீட்டர். சரளைக்கல் கொட்ட வேண்டாம். ஆட்கள் தூக்கி வந்து மண்மேல் வைத்து, ஒன்றோடொன்று கோத்தால் பாதை தயார். அறுவடை முடிந்ததும் கழற்றி அடுத்த வயலுக்குக் கொண்டு போகலாம்.

இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் உருளும்போது தடை மிகக் குறைவு. சேற்றில் மாடு இழுக்கத் திணறும் சுமையை, சமதரையில் போட்ட தண்டவாளத்தில் ஓர் ஆளே தள்ளிவிடலாம். ஏற்றம் வந்தால் கதை வேறு. அதனால் மேடு பள்ளம் பார்த்துப் பாதை போடுவதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. குறுகிய பாதை என்பதால் சுமையையும் உயரமாக அடுக்கக் கூடாது, வண்டி சாய்ந்துவிடும்.

தெகோவில் பின்னர் இதையே தொழிலாக்கினார். 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் 60 சென்டிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடிய அவருடைய ரயிலில் பயணம் செய்தவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையின் பீரங்கிக் குண்டுகள் போர்முனைக்குப் போனதும் இதே 60 சென்டிமீட்டர் பாதைகளில்தான்.