மின்சார மோட்டார் வண்டிக்கு ஆகும் மின்செலவு

கோலியனூர்ச் சாலையில் புதுச்சேரிக்கும் விழுப்புரத்திற்கும் ஓசையின்றிச் செல்லும் மின்சாரக் கார்கள் இப்பொழுது புதுமையல்ல. அங்கத்தினர்களிற் சிலரும் அவ்வண்டியை வாங்க எண்ணுகின்றனர். விற்போர் கிலோமீட்டருக்கு இத்தனை காசுதான் என ஒரே தொகையைச் சொல்லிவிடுகின்றனர். அத்தொகை எல்லா வீட்டிற்கும் பொருந்துவதன்று.

மின்கலத்தின் கொள்ளளவு கிலோவாட் மணியில் குறிக்கப்படும். அதுவே நம் மீட்டர் காட்டும் யூனிட்டு. 2022-இல் வெளிவந்த டாட்டா டியாகோ மின்காரின் பெரிய மின்கலம் 24 யூனிட்டு கொள்வது. ஒரு முறை நிரப்பினால் 315 கிலோமீட்டர் ஓடும் என்று அறிவிக்கப்பட்டது. அது சோதனைக்கூடத்து அளவு. குளிர்சாதனமும் பளுவும் நெடுஞ்சாலை வேகமும் சேர்ந்தால் 200 என்று கொள்வதே விவேகம். மின்னேற்றத்தின்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாவதால், 24 யூனிட்டு உள்ளே செல்ல மீட்டரில் ஏறக்குறைய 27 ஓடும். வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கில் இதற்கு ஒன்பது மணி நேரம் பிடிக்கும்.

மாதம் 750 கிலோமீட்டர் ஓட்டுபவர் இரு மாதத்தில் 1,500 கிலோமீட்டர் ஓட்டுவார். அதற்குச் சுமார் 200 யூனிட்டு வேண்டும். இதற்கு விலை என்ன என்பதில்தான் பலர் தவறுகின்றனர். கட்டணம் படிப்படியாக ஏறுவதாகையால், வண்டியின் யூனிட்டுகள் வீட்டுச் செலவின் மேல் ஏறி உட்காருகின்றன. மேற்படியின் விலையே அவற்றிற்கு உரியது.

2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத்தை உதாரணமாகக் கொள்வோம். இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட்டு இலவசம். 200 வரை ரூ. 2.25, 400 வரை ரூ. 4.50, 500 வரை ரூ. 6. மொத்தம் 500-ஐத் தாண்டினால் 2.25 என்னும் சலுகைப் படி மறைந்து, 101 முதல் 400 வரை முழுவதும் ரூ. 4.50 ஆகும், 501 முதல் 600 வரை ரூ. 8. ஆகவே 500 யூனிட்டுக்கு ரூ. 1,725 கட்டியவர் 501-க்கு ரூ. 1,958 கட்ட நேரும். ஒரே யூனிட்டுக்கு ரூ. 233!

இனி இரு வீடுகளை ஒப்பிடுவோம். ஒரு வீட்டில் இரு மாதச் செலவு 180 யூனிட்டு, பில் ரூ. 180. வண்டி சேர்ந்தால் 380 யூனிட்டு, ரூ. 1,035. வண்டிக்கு ஆனது ரூ. 855, கிலோமீட்டருக்கு 57 காசு. மற்றொரு வீட்டில் ஏற்கெனவே 380 யூனிட்டு. வண்டியுடன் 580 ஆகி, பில் ரூ. 2,590 ஆகும். இங்கே அதே வண்டிக்கு அதே தூரத்திற்கு ரூ. 1,555, கிலோமீட்டருக்கு ரூபாய்க்குச் சற்று மேல். இன்றைய விகிதத்தைத் தத்தம் பில்லிலிருந்து எடுத்து, வண்டியுடன் ஒரு முறையும் வண்டியின்றி ஒரு முறையும் கணக்கிட்டு, வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்க.

லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் இதே தூரத்திற்கு, லிட்டர் 100 ரூபாயானால், ரூ. 8,300-க்கு மேல் விழுங்கும். இரண்டாம் வீட்டாருக்கும் மின்சாரமே மலிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் வழியிலுள்ள நிலையங்களில் யூனிட்டு 20 ரூபாய் வீதம் நிரப்பிக்கொண்டே ஓட்டினால் செலவு ரூ. 3,600 அளவில் நிற்கும். வீட்டில் வண்டி நிறுத்த இடமும் பிளக்கும் இல்லாதவர் இதனை முதலில் எண்ணுதல் நன்று. வண்டியின் விலை கூடுதல் என்பது வேறு கணக்கு. குறைவாக ஓட்டுபவருக்கு அது எளிதில் ஈடாகாது.

பம்புசெட்டு இணைப்பிலிருந்து கம்பி இழுத்து வண்டிக்கு ஏற்றலாமே என்று சிலர் கேட்கக்கூடும். விவசாய மின்சாரம் இலவசமாகக் கிடைப்பது பாசனத்திற்காக. கைத்தறி நெசவாளருக்கு 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்ட இலவச மின்சாரமும் தறிக்காக உள்ளது. அனுமதித்த காரியத்தை விட்டு வேறொன்றுக்கு மின்சாரம் எடுத்தால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிக்கலாம். வண்டிக்குரிய பிளக்கு வீட்டு இணைப்பில், சரியான தடிமனுள்ள கம்பியுடனும் நில இணைப்புடனும் இருத்தல் வேண்டும்.