உங்களுக்குத் தெரியுமா? – இடித்தது யார், தப்பு யார்மேல்?

சிக்னலில் பம்பர் உரசினாலே போதும், பத்துப் பேர் கூடித் தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். நடுரோட்டுத் தீர்ப்பும் சட்டமும் எங்கெல்லாம் முட்டிக்கொள்கின்றன? சில தகவல்கள்:

★ பைக்கும் காரும் மோதினால் தப்பு கார்க்காரருக்குத்தான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. யார் சாலை விதியை மீறினார், யார் கவனமாக இருந்திருந்தால் மோதல் நடந்திருக்காது என்பதுதான் கேள்வி.

★ முன்னால் போகும் வண்டி சட்டென்று நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டியது பின்னால் வருபவரின் கடமை. லாரிக்குப் பின்னால் 10–15 அடி தூரத்திலேயே போய்க்கொண்டிருந்த கார், லாரி பிரேக் போட்டதும் மோதியது. 2018இல் உச்ச நீதிமன்றம் கார் ஓட்டியவரின் கவனக்குறைவே காரணம் என்றது.

★ அதற்காக, பின்னால் இடித்தவர்மேல்தான் எப்போதும் முழுத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. 2017இல் கோவையில், நெடுஞ்சாலையில் போன ஒரு கார் திடீரென நின்றது. கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வருவது போலிருந்ததால் நிறுத்தியதாகக் கார் ஓட்டியவர் சொன்னார். பின்னால் பைக்கில் வந்த மாணவர் மோதி விழ, பின்னால் வந்த பஸ் அவர்மேல் ஏறியது. கார் ஓட்டியவர்மேல் 50%, பஸ் டிரைவர்மேல் 30%, மாணவர்மேல் 20% தவறு என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிரித்தது. என்ன அவசரமானாலும் பின்னால் வருபவர்களுக்கு எச்சரிக்கை தராமல் நெடுஞ்சாலையில் பிரேக் போடக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

★ இந்தச் சதவீதம் ஏட்டுக் கணக்கு இல்லை, பணத்தில் கழியும். இழப்பீடு 10 லட்சம் ரூபாய் என முடிவாகி, உங்கள் பங்குத் தவறு 20% என்றால் கைக்கு வருவது 8 லட்சம்தான்.

★ லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவர்மேல் விபத்துப் பழியும் தானாக வந்துவிடாது. விபத்துக்கு அவர் ஓட்டிய விதம் காரணமா என்றுதான் பார்க்க வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு பைக்கில் மூன்று பேர் போனதும் அப்படியே: அது போக்குவரத்துக் குற்றம், விபத்துக்கு அதுவே காரணம் என்று காட்டாமல் இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்பது 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

★ மோதிய பிறகு வண்டிகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதைப் பார்த்துத் தப்பை முடிவு செய்வது ஊர் வழக்கம். நேருக்கு நேர் மோதிய ஒரு வழக்கில், ஸ்தல மகஜரில் (விபத்து நடந்த இடத்தைப் பற்றிய போலீஸ் பதிவில்) உள்ள அந்த நிலை மட்டும் போதுமான சான்று ஆகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

★ கிரிமினல் கேஸில் டிரைவர் விடுதலை ஆனாலும் இழப்பீடு கொடுக்க வேண்டி வரலாம். தமிழ்நாட்டில் ஒரு பஸ் மின்கம்பியில் உரசிய வழக்கில் 1980இலேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டுக்கு, எப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

★ இரண்டு வண்டி ஒதுங்க இடமில்லாத மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்கி வருபவர் அகலமான இடம் பார்த்து நிறுத்தி வழிவிட வேண்டும்.

★ மரணம், கொடுங்காயம் என்றால் யார் தப்பு என்று நிரூபிக்காமலேயே இழப்பீடு கேட்க ஒரு வழி உண்டு. 2022 ஏப்ரல் முதல் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய்.

★ உங்கள் கார் நசுங்கினால், தப்பு யாருடையது என்றாலும் உங்கள் சொந்த இன்சூரன்ஸிலேயே செலவைக் கேட்கலாம். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் எடுத்தவருக்கு இது கிடையாது. ஆனால் கிளெய்ம் செய்தால், தப்பு எதிராளியுடையது என்றாலும், நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். ஐந்து வருடம் கிளெய்ம் செய்யாதவருக்கு அது ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேத) பிரீமியத்தில் 50% தள்ளுபடி. சின்னக் கீறலுக்கு ஒர்க்‌ஷாப் பில்லையும் போனஸையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

★ நீங்கள் இடித்து அடுத்தவர் வண்டி சேதமானால், கார் பாலிசியின் தேர்ட் பார்ட்டி பகுதி ஏழரை லட்சம் ரூபாய் வரையும், பைக் பாலிசியின் அதே பகுதி ஒரு லட்சம் வரையும் ஈடு தரும். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க இந்த வரம்பை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. உங்கள் பாலிசியில் எது என்று இன்றே பாருங்கள்.

★ "என் தப்புதான் சார், பணம் தந்துடறேன்" என்று ரோட்டிலேயே ஒப்புக்கொள்வது பாலிசி நிபந்தனைக்கு எதிரானது. கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் யாருக்காவது அடிபட்டிருந்தால், தப்பு யாருடையதானாலும், மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்வது ஓட்டுநரின் சட்டக் கடமை.

ஆகவே, அடுத்த முறை பம்பர் உரசினால் குரலை உயர்த்தாதீர்கள், மொபைலை எடுங்கள். இரண்டு வண்டிகளின் நம்பர், நின்ற நிலை, சாலைக்கோடு, பிரேக் தடம், சுற்றுப்புறம் எல்லாவற்றையும் படம் பிடித்த பிறகு வண்டியை ஓரங்கட்டுங்கள். பார்த்தவர் ஒருவரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள்.