மலச்சிக்கலுக்கு மூலிகைப் பற்று: எலிகளிடம் கண்டது நமக்குப் பொருந்துமா?

பாரம்பரிய சீன மருத்துவத்தில், மூலிகைப் பொடியைக் குழைத்துத் தொப்புள் போன்ற அக்குபங்சர் புள்ளிகளில் பற்றுப் போடும் முறை உண்டு. மலச்சிக்கலுக்கு, 'டா ஹுவாங்' எனும் வேர் அதில் அடிக்கடி சேர்க்கப்படும். நிலாவரையில் இருப்பதைப் போன்ற, பேதியைத் தூண்டும் பொருள்கள் இந்த வேரிலும் உள்ளன.

ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறார்கள்?

வயிற்றுப்போக்கை நிறுத்தும் 'லோபெரமைடு' மருந்தை எலிகளுக்குக் கொடுத்து மலச்சிக்கலை உண்டாக்குகிறார்கள். பிறகு சிகிச்சை அளித்து, மலத்தின் அளவு, ஈரப்பதம், குடல் இயங்கும் வேகம் ஆகியவற்றைக் கணக்கிடுகிறார்கள்.

அது போதுமா?

போதாது. எலிக்கு ஒரு மருந்தால் வந்த மலச்சிக்கல் வேறு. மூத்தோருக்கு வருவது வேறு. தண்ணீர் குறைவாகக் குடிப்பது, நடமாட்டம் குறைவது, இரும்புச்சத்து மாத்திரை, சில வலி மாத்திரைகள் என நமக்குக் காரணங்கள் பல. எலியின் தோலும் மனிதரின் தோலும் ஒன்றல்ல. விலங்கு ஆய்வு முதல் படி மட்டுமே.

நீங்கள் செய்ய வேண்டியவை

• பற்றுப் போட விரும்பினால், பதிவுபெற்ற பாரம்பரிய சீன மருத்துவரை நாடுங்கள். நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் அவரிடம் சொல்லுங்கள்.

• புண் உள்ள தோலில் பற்றுப் போடாதீர்கள். எரிச்சலோ கொப்புளமோ வந்தால் உடனே அகற்றுங்கள்.

• மருத்துவர் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

• மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், மலம் கழிக்கும் வழக்கத்தில் மாற்றம் ஆகியவை பெருங்குடல் புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். பற்றுப் போட்டுக் காத்திருக்காமல், பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள்.

• கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிறு வீக்கம் ஆகியவற்றுடன் காற்றும் பிரியாவிட்டால், 995ஐ அழையுங்கள்.