பனிமலைப் போரின் கொல்லைப்புறம்

வாங்க, வாங்க! காலடிச் சத்தம் மட்டும் கேட்கக் கூடாது. இது 1916 பிப்ரவரி. வட இத்தாலியில் அதமெல்லோ மலையடிவாரத்தில் தெமூ என்கிற சிற்றூர். பழைய புகைப்படங்களையும் அங்கே இருந்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு, முதல் உலகப் போரின் பின்வாசல் வழியாக நுழைந்திருக்கிறோம். எனக்கு இருப்பே கொள்ளவில்லை!

ஸ்தெல்வியோ கணவாயிலிருந்து கார்தா ஏரி வரைக்கும் நீளும் இந்த மலைமுனை, இத்தாலிய ராணுவத்தின் மூன்றாம் படைத்தொகுதியின் பொறுப்பு. தளபதி ஜெனரல் வித்தோரியோ காமெரானா. எதிரே ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை. எந்தச் சிகரம் எந்தத் தேதியில் யார் கைக்குப் போனது என்பதைச் சரித்திரப் புத்தகங்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாம் கொல்லைப்புறத்தைப் பார்க்க வந்தவர்கள்.

முதல் காட்சியே பிரமாதம். இருட்டில் பனிச்சறுக்கு வண்டிகள் மேல் கட்டிவைத்திருக்கிறார்களே, அது ஒரு பீரங்கி. வார்ப்பிரும்புக் குழாய், 149 மில்லிமீட்டர் வாய், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 6 டன். வீரர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் 'நீர்யானை'. இந்த நீர்யானையை மலைமேல் ஏற்ற வேண்டும். பாதை கிடையாது, இடுப்பளவு பனி. எதிரி கண்ணில் படக் கூடாது என்பதால் இருட்டிய பிறகுதான் வேலை. வடத்தைப் பிடித்து இழுக்கிறார்கள், நிற்கிறார்கள், மூச்சு வாங்குகிறார்கள், திரும்பவும் இழுக்கிறார்கள். உறைபனிக் குளிரிலும் சட்டை வியர்வையில் ஊறிப்போகிறது. நின்றால் அந்த ஈரமே உறைந்து விறைக்கும். அதனால் நிற்கவும் பயம்.

நடுவில் ஒரு பனிச்சரிவு இவர்களில் பலரை வாரிக்கொண்டு போனது. மிச்சமிருந்தவர்கள் திரும்பி வந்து அதே வடத்தைப் பிடித்தார்கள். பிப்ரவரியில் புறப்பட்ட நீர்யானை ஏப்ரலில்தான் 3,100 மீட்டருக்கு மேலே உள்ள வெனெரோகோலோ கணவாயை எட்டியது. கர்னல் கார்லோ ஜோர்தானா அந்த மாதம் அதமெல்லோ பனியாற்றின் மேல் நடத்திய தாக்குதல்கள்தான் எல்லோருக்கும் தெரியும். அதற்குமுன் இத்தனை வாரம் வடம் இழுத்த கைகளின் கொப்புளங்கள் எந்த அறிக்கையிலும் வராது. அவைதான் இந்தப் போரின் உண்மையான கதை என்பேன்.

சரி, மேலே ஏறுவோம். கரிபால்டி குடில் வந்துவிட்டது. சமாதான காலத்தில் மலையேறிகள் இரவு தங்கிப் போன இடம். இப்போது பாருங்கள், சுற்றிலும் ஒரு கிராமமே முளைத்திருக்கிறது! மரக்கொட்டகைகள், கிடங்கு, ஆஸ்பத்திரி, கம்பிவடத்தில் ஆடி ஆடி வரும் சாமான் தொட்டிகள். எங்கே திரும்பினாலும் சாக்கு, பெட்டி, கம்பிச்சுருள், காயப்போட்ட காலுறை. ஈரக் கம்பளி நாற்றமும் விறகுப் புகையும் மூக்கைத் துளைக்கின்றன.

அந்தக் குரைப்பு கேட்கிறதா? நாய்க்கொட்டடி! கோவேறு கழுதைகள் கால் வைக்க முடியாத பனியாற்றில் சோறும் குண்டும் இழுத்துப்போவது இந்த நாய்கள்தான். வண்டியைக் கண்டாலே துள்ளுகின்றன. வீரர்களுக்கும் அவற்றைப் பிடித்துப்போயிருக்கிறது. பழைய படங்களில் நாயைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது அவர்கள் முகத்தில் இருக்கும் சிரிப்பு, தளபதியோடு நிற்கும்போதுகூட இல்லை.

சமையல் பக்கம் எட்டிப் பார்க்கலாமா? 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாஸ்தா லேசில் வேகாது, சமையல்காரருக்குத்தான் திட்டு. தண்ணீருக்கே பனியை உருக்கியாக வேண்டும். ஒரு அண்டா பனி உருகினால் கொஞ்சம் தண்ணீர் தேறும். முன்வரிசைக் காவல்குழிகளில் அடுப்பு கிடையாது. அங்கே கைகொடுப்பது ஒரு குட்டிச் சாமான்: பழைய செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டி மெழுகில் தோய்த்த துண்டு. கொளுத்தினால் தகரக் குவளையில் இருப்பதைச் சூடாக்கிவிடலாம். இத்தாலிய நகரங்களில் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் உட்கார்ந்து சுருட்டி அனுப்பியவை இவை. நேற்றைய போர்ச் செய்தி அச்சான தாள், இன்று போர்முனையில் சூப்பைச் சுடவைக்கிறது. இதைப் படித்தபோது நான் சந்தோஷத்தில் துள்ளியே விட்டேன்.

இந்த மூலையில் கொஞ்சம் நிற்போம். இவர்கள் அல்பீனிகள், மலைப்படை வீரர்கள். தொப்பியில் இறகு செருகியிருப்பதைப் பாருங்கள். பள்ளத்தாக்கு வாரியாக ஆள் எடுப்பதால், ஒரே பட்டாளத்தில் அண்ணன், மச்சான், அடுத்த வீட்டுக்காரன் எல்லாரும் இருப்பார்கள். எதோலோ பட்டாளத்தின் பெயரே இந்தப் பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயர்தான். எழுதத் தெரிந்தவன் தெரியாதவனுக்குக் கடிதம் எழுதிக்கொடுக்கிறான். மனைவிக்குச் சொல்ல வேண்டியதைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்லி எழுதவைக்கும் கூச்சத்தை நினைத்துப்பாருங்கள்! போர் முடிவதற்குள் இத்தாலியப் போர்முனைக்கும் வீடுகளுக்கும் இடையே சுமார் 400 கோடி அஞ்சல்கள் போய்வந்தன.

அதோ, தோளில் துப்பாக்கிக்குப் பதிலாக முக்காலியும் பெட்டியுமாக ஒருவர்! மிலானிலிருந்து வந்த லூகா கொமேரியோ, இத்தாலிய சினிமாவின் முன்னோடிகளில் ஒருவர். இந்தப் போரை 3,000 மீட்டர் உயரத்திலேயே படம்பிடித்தவர். வெள்ளை உடை போட்ட வீரர்கள் வெள்ளைப் பனியில் சறுக்கும் காட்சிகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. அந்தக் கனத்த கேமராவையும் யாரோ சுமந்துதான் ஏற்றியிருக்க வேண்டும் என்று நினைத்தபடி பாருங்கள், படமே வேறாகத் தெரியும்.

1917-இல் நீர்யானை இன்னும் மேலே, கிரெஸ்தா குரோச்சே என்ற முகட்டுக்குப் போனது. உயரம் 3,276 மீட்டர். கோர்னோ தி கவெந்தோ சிகரத்தை அந்த ஜூனில் இத்தாலியர்கள் பிடித்தபோது நீர்யானையின் குண்டுகளும் உதவின. எதிரி கண்ணில் படாமல் சாமான் கொண்டுபோக, பனியாற்றின் வயிற்றுக்குள்ளேயே கிலோமீட்டர் கணக்கில் சுரங்கம் குடைந்தார்கள். வெட்டிய பனியைக் கூடைகூடையாய் எங்கே கொட்டுவது என்பதே அவர்களுக்குப் பெரும்பாடு. வெளியே பனிப்புயல் சுழன்றடிக்க, உள்ளே நீலப் பனிச்சுவர்களுக்கு நடுவே விளக்கோடு சுமை தூக்கி நடந்தார்கள்.

நாம் நுழைந்து பார்த்த அந்தப் பழைய குடில் இப்போது வெனெரோகோலோ அணையின் நீருக்கடியில் இருக்கிறது. பீரங்கியை மட்டும் யாரும் இறக்கவில்லை. கிரெஸ்தா குரோச்சே முகட்டில் அதே இடத்தில், பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கிறது. தெமூவில் இந்தப் பனிமலைப் போருக்கென்றே அருங்காட்சியகமும் இருக்கிறது. பனியாறு சுருங்கச் சுருங்கப் பலகை, காலணி, தகரக் குவளை என்று கொல்லைப்புறச் சாமான்கள் வெளியே வந்துகொண்டிருக்கின்றன. கோடையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் கண்ணில் அப்படி ஒன்று பட்டால் ஆசைப்பட்டுப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். முதல் உலகப் போரின் எச்சங்களை இத்தாலி 2001-ஆம் ஆண்டுச் சட்டம் போட்டுக் காத்துவருகிறது. தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, கீழே வந்து அருங்காட்சியகத்தில் சொல்லிவிடுங்கள்.