வற்றல் பானையும் கண்ணாடிப் புட்டியும்



மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் நிலையங்களில் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போகிற ரயில்தான் இன்று தங்கவயல் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போடுகிறது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு, வேலை தேடி அந்த ரயிலில் ஏறியவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர். 2020 மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்தபோது அந்த ரயிலும் நின்றது. நாட்கூலிக்காரர் வீட்டில் அடுத்த நாளே வரும்படி நின்றது.

அப்போது எங்கள் ஊரிகத்துத் தெருவில் ஒன்றைக் கவனித்தேன். சில வீடுகளில் பத்தாம் நாளே கையைப் பிசைந்தார்கள். வேறு சில வீடுகளில், வருமானம் அதே அளவுதான் என்றாலும், ஒரு மாதம் வரை அடுப்பு தடையின்றி எரிந்தது. அந்த வீடுகளில் பரணில் ராகி இருந்தது. ஜாடியில் ஊறுகாய் இருந்தது. டப்பாக்களில் வற்றலும் வடகமும் கருவாடும் இருந்தன. அங்கெல்லாம் ஒரு பாட்டியோ, அத்தையோ இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டில் உணவைச் சேமித்து வைப்பது எப்படி, அதிலும் இப்போது பலரும் ஆசையோடு செய்யத் தொடங்கியிருக்கும் புட்டியில் அடைக்கும் முறையில் எது சரி, எது ஆபத்து என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பாட்டிமார் கையாண்ட மூன்று ஆயுதங்கள்

உணவைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை வளர ஈரம் வேண்டும். மிதமான சூடு வேண்டும். அதிகப் புளிப்போ அதிக உப்போ இல்லாத இடம் வேண்டும். இவற்றில் ஒன்றைப் பறித்துவிட்டாலே அவற்றின் கொட்டம் அடங்கும்.

1880-களில் தொடங்கி வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்கு இங்கு வந்த நம் முன்னோர்கள் நுண்ணுயிர் என்ற சொல்லை அறியமாட்டார்கள். ஆனால் வெயில், உப்பு, புளிப்பு என்ற மூன்று ஆயுதங்களைக் கையோடு கொண்டுவந்தார்கள்.

கூழ் வடகம், வெங்காய வடகம், சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல் எல்லாம் வெயிலால் ஈரத்தைப் பறிப்பவை. கருவாட்டிலும் உப்புக்கண்டத்திலும் வெயிலோடு உப்பும் சேர்கிறது. மோர்மிளகாயில் மூன்றும் சேருகின்றன. மாங்காய் ஊறுகாயில் காயின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு உப்பு போடுகிறோம். மாங்காயின் புளிப்பு துணைக்கு நிற்கிறது. மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுத்துப் பூஞ்சணம் வராமல் காக்கிறது. ‘உடம்புக்கு ஆகாது’ என்று உப்பைப் பாதியாகக் குறைத்தால் அந்த ஊறுகாயைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். பரணில் வைக்கக் கூடாது.

வற்றலை ஒடித்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும் என்று பொருள். நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. காற்றடிக்கும் நாட்களில் சைனைடு மேடுகளிலிருந்து தூசி பறந்து வருவதை நாம் அறிவோம். அந்த நாட்களில் மாடியில் வடகம் இடாதீர்கள். மற்ற நாட்களிலும் மேலே மெல்லிய வேட்டித் துணி கட்டியே காய வையுங்கள்.

தானியம் காப்பது

நெருக்கடி காலத்தில் முதலில் கைகொடுப்பது தானியமே. நாம் வாழும் கோலார்ச் சீமை ராகிக்குப் பெயர் போனது. நன்றாகக் காய்ந்த ராகியில் வண்டு எளிதில் விழாது. முழுத் தானியமாக வைத்தால் பல ஆண்டுகள் கெடாது. மைசூர்ச் சீமை விவசாயிகள் நிலத்தில் குழி தோண்டி ராகியைக் கொட்டி மூடிவைத்து, மழை பொய்த்த ஆண்டில் எடுத்து உண்டது இதனால்தான். ஆனால் மாவாக அரைத்துவிட்டால் சில வாரங்களிலேயே சிக்கு வாடை வரும். ஆகவே தானியமாக வையுங்கள், தேவைக்கு அரையுங்கள்.

அரிசியையும் பருப்பையும் வெயிலில் காய வைத்த பிறகு, நன்றாக ஆறவிட்டே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, அந்த ஈரமே பூஞ்சணத்துக்கு வித்தாகும். துவரம் பருப்பில் சிறிது விளக்கெண்ணெய் தடவி வைப்பதும், அரிசியில் காய்ந்த வேப்பிலையோ மிளகாய் வற்றலோ போடுவதும் பூச்சி வராமல் காக்க நம் வீடுகளில் உள்ள வழக்கம். டப்பாவைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

புட்டியில் அடைக்கும் கலை

பிரெஞ்சு நாட்டில் மிட்டாய் செய்து விற்றுவந்த நிக்கோலா அப்பேர் என்பவர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, இறுக அடைத்து, கொதிநீரில் வேகவைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று கண்டறிந்தார். பிரெஞ்சு அரசிடம் 12,000 பிராங்கு பரிசு பெற்று, 1810-இல் அம்முறையை நூலாக வெளியிட்டார். அது ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. நுண்ணுயிர்களே காரணம் என்பதை லூயி பாஸ்டர் நிறுவ மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

அமெரிக்கா, கனடா நாடுகளில் குடியேறிய நம் பிள்ளைகள் பலர் இம்முறையைக் கற்று, ‘அம்மா, நீங்களும் செய்யுங்கள்’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். சொல்லட்டும். ஆனால் அதில் ஒரு முக்கியமான செய்தி பாதி வழியில் விடுபட்டுப் போகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் விடுபட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் மார்கழி மாதம் அவரைக்காய் மலிந்து கிடந்தது. பிதுக்கு பருப்பு என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உயிர். பருப்பைப் பிதுக்கி, உப்பு நீரில் வேகவைத்து, ஆறு புட்டிகளில் நிரப்பி, மூடி, அரை மணி நேரம் கொதிநீரில் வைத்து எடுத்தோம். பார்க்க அழகாக இருந்தன. மூன்றாம் வாரம் இரண்டு புட்டிகளின் மூடி மேலே எழும்பியிருந்தது. ‘மூடி எழும்பினதை வாயில வைக்காதே’ என்று என் அத்தை ஆறையும் கொல்லையில் ஆழக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். மற்ற நான்கும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று நான் வாதாடினேன். அத்தை சொன்னதே சரி என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

கொதித்தும் சாகாத ஒன்று

மண்ணில் எங்கும் இருக்கும் ஒரு நுண்ணுயிர் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். காய்கறியோடு மண் வருகிறது. மண்ணோடு இதுவும் வருகிறது. நம்மைச் சுற்றிக் காற்று இருக்கும்வரை இது விதை போல உறங்கிக் கிடக்கும். காற்றில்லாத, ஈரமுள்ள, புளிப்பில்லாத இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சைக் கக்கும். இறுக மூடிய பருப்புப் புட்டி அதற்கென்றே கட்டிய வீடு போன்றது. அந்த நஞ்சு நரம்புகளைத் தாக்கி, கண் இமை, நாக்கு, பிறகு மூச்சு என்று ஒவ்வொன்றாக முடக்கும். பல வேளைகளில் மணத்திலோ சுவையிலோ எந்த மாற்றமும் தெரியாது. மூடியும் எழும்பாமலே இருக்கலாம். எங்கள் வீட்டு நான்கு புட்டிகளில் அது இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். நாக்கில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் காரியம் அல்ல அது.

இதன் விதை போன்ற உறங்கு நிலை கொதிநீரில் மணிக்கணக்கில் வெந்தாலும் சாகாது. அதைக் கொல்ல 121 டிகிரி செல்சியஸ் அளவு சூடு வேண்டும். கடலோரச் சென்னையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்திலுள்ள நம் தங்கவயலில் காற்றழுத்தம் குறைவு. ஆகவே 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு விறகு எரித்தாலும் சூடு ஏறாது.

‘பிரஷர் குக்கரில் வைத்தால்?’ என்று கேட்கலாம். நம் வீட்டுக் குக்கரின் உள்ளே சூடு 120 டிகிரியை ஒட்டி ஏறும் என்பது உண்மை. ஆனால் புட்டியின் நடுப்பகுதிவரை அந்தச் சூடு சென்று போதிய நேரம் நிற்க வேண்டும். சிறிய குக்கர் விரைவில் சூடேறி விரைவில் ஆறிவிடும். எத்தனை விசில், எத்தனை நிமிடம் என்று சோதித்து வகுத்த கணக்கும் அதற்கு இல்லை. வெளிநாடுகளில் இதற்கென்றே அழுத்தமானி பொருத்திய பெரிய பாத்திரங்கள் தனியாக விற்கிறார்கள். அது இல்லாத வீட்டில் பருப்பு, பச்சைக் காய்கறி, இறைச்சி, மீன், பால் ஆகியவற்றைப் புட்டியில் அடைக்கவே கூடாது. அவற்றைக் காய வையுங்கள்; அல்லது உறைபெட்டியில் வையுங்கள்.

புளிப்பு இருந்தால் பயமில்லை

அந்த நுண்ணுயிருக்குப் புளிப்பு ஆகாது. புளிப்பை ‘பி.ஹெச்.’ என்ற எண்ணால் அளக்கிறார்கள். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 4.6 என்பதே எல்லைக்கோடு. எலுமிச்சை 2, மாங்காய் 3 என்ற அளவில் இருப்பதால் இவை பத்திரமானவை. அவரை, பட்டாணி போன்றவை 6-ஐ ஒட்டி இருப்பதால் ஆபத்தானவை. தக்காளி 4.3 முதல் 4.9 வரை மாறுகிறது. எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது.

நம் கோலார்ச் சந்தைக்கு வரும் தக்காளியின் கதை உங்களுக்குத் தெரியும். ஒரு பருவத்தில் விலை இல்லாமல் சாலையோரம் கொட்டுகிறார்கள். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயையும் தாண்டிப் போயிற்று. மலியும்போது அடைத்து வைக்க ஏற்ற பொருள் இதுவே. அமெரிக்க வேளாண்மைத் துறை சோதித்து வகுத்த முறையை நம் ஊர் உயரத்துக்கு ஏற்பத் தருகிறேன்.

1. நசுங்காத, அழுகாத, கெட்டிப் பழங்களாக எடுங்கள். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, குளிர்ந்த நீரில் இட்டுத் தோலை உரியுங்கள். நறுக்கி, நசுக்கி, கொதி வந்த பிறகு 5 நிமிடம் வேகவிடுங்கள். தண்ணீர் சேர்க்க வேண்டாம்.

2. அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான கெட்டிக் கண்ணாடிப் புட்டிகளைக் கழுவிச் சூடாக வைத்திருங்கள். மூடி புதியதாக இருக்க வேண்டும். ஜாம் வாங்கிய பழைய மூடி சரியாகப் பிடிக்காது.

3. ஒவ்வொரு புட்டியிலும் கால் தேக்கரண்டி எலுமிச்சை உப்பு போடுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம்தான் இது. இதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

4. சூடான தக்காளியை விளிம்புக்கு அரை அங்குலம் கீழே வரை நிரப்பி, காற்றுக் குமிழிகளைக் கரண்டிக் காம்பால் போக்கி, விளிம்பைத் துடைத்து மூடுங்கள்.

5. பெரிய பாத்திரத்தின் அடியில் துணியை மடித்துப் போட்டு, புட்டிகளை ஒன்றோடொன்று இடிக்காமல் வையுங்கள். மூடிக்கு மேல் ஓர் அங்குலம் வெந்நீர் நிற்கட்டும். தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 40 நிமிடம் கணக்கு. சென்னை உறவினர்களுக்கு 35 நிமிடம் போதும். 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் இருப்பவர்கள் 45 நிமிடம் வைக்க வேண்டும்.

6. எடுத்து, துணி மேல் வைத்து, ஒரு நாள் ஆறவிடுங்கள். மூடியின் நடுவை அழுத்தினால் அசையக் கூடாது. ‘டிக்’கென்று உள்ளே போய் வந்தால் அந்தப் புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களில் தீர்த்துவிடுங்கள்.

இருட்டான, குளிர்ச்சியான அலமாரியில் ஓர் ஆண்டு வரை இது தாங்கும். வெங்காயம், பூண்டு, மிளகாய் எதையும் இதில் சேர்க்காதீர்கள். அவை புளிப்பைக் குறைத்துவிடும். தாளிப்பதைச் சமைக்கும்போது தாளித்துக்கொள்ளலாம். பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு வெளியில் வைப்பதும் ஆபத்தே. நம் பூண்டு ஊறுகாயில் புளியும் எலுமிச்சையும் உப்பும் நிறையச் சேர்வதால்தான் அது நிற்கிறது.

கடையில் வாங்கிய டின்னாக இருந்தாலும், உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, திறக்கும்போது பீறிட்டாலோ ருசி பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

பதினைந்து நாள் கையிருப்பு

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பதினைந்து நாளுக்கு என் கணக்கு இது: அரிசியும் ராகியும் சேர்ந்து 20 கிலோ, பருப்பு வகை 4 கிலோ, எண்ணெய் 2 லிட்டர், உப்பு 1 கிலோ, புளி, மிளகாய், வெல்லம், வற்றல், ஊறுகாய். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளைக்கு ஏறத்தாழ 50 லிட்டர் தண்ணீர். ஒரே மாதத்தில் இவ்வளவும் வாங்க எல்லோராலும் முடியாது. மாதச் சாமான் வாங்கும்போது ஒரு கிலோ கூடுதலாக எடுத்து வைத்தால் போதும். புதியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் எடுத்துப் புழங்குங்கள். ஒவ்வொன்றிலும் செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வடகம் இடத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், ‘ஒரு கை, கொஞ்சம்’ என்று அவர்கள் சொல்வதைப் படியிலும் கிராமிலும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் அத்தை காலமான பிறகு, அவர் கைப்பக்குவத்து வெங்காய வடகத்தை நாங்கள் மூன்று கோடைகளாக முயன்று பார்க்கிறோம். இன்னும் அந்த மணம் வரவில்லை.