அரசின் கட்டளையா? மனச்சாட்சியின் கட்டளையா?

கொலை செய்யக் கூடாது என்பது கிறிஸ்தவர்களுக்கு ஆண்டவர் இட்ட பத்துக் கட்டளைகளுள் ஒன்று. பகைவரையும் நேசிக்க வேண்டும் என்பது இயேசுநாதரின் போதனை. அப்படியிருக்க, ஒரு கிறிஸ்தவர் துப்பாக்கி ஏந்திப் போர்க்களம் போகலாமா? முன்பின் அறியாத ஒரு மனிதனைச் சுட்டுக் கொல்லலாமா?

இந்தக் கேள்வி நேற்று இன்று எழுந்ததல்ல. ஆதிக் கிறிஸ்தவர்களில் பலர் ஆயுதம் ஏந்த மறுத்தனர். கி.பி. 295ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவில் மாக்சிமிலியன் என்ற இளைஞர், ரோமாபுரிப் பட்டாளத்தில் சேர மறுத்ததற்காகத் தலை துண்டிக்கப்பட்டு மாண்டார்.

பின்னர் ரோமாபுரிப் பேரரசர்களே கிறிஸ்தவத்தைத் தழுவினர். நாட்டைக் காக்கும் பொறுப்பும் கிறிஸ்தவர்கள் தலையில் விழுந்தது. பகைவன் ஊருக்குள் புகுந்து பெண்டு பிள்ளைகளை வதைக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தருமமா? இதை ஆழ்ந்து சிந்தித்தவர் ஆயர் புனித அகுஸ்தீன். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ் மூன்று நிபந்தனைகளை வகுத்தார். ஆளும் உரிமை உடையவரே போரை அறிவிக்க வேண்டும். காரணம் நியாயமானதாக இருக்க வேண்டும். நோக்கம் பழிவாங்குவதாகவோ பேராசையாகவோ இருக்கக் கூடாது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது நீதியான போர் ஆகாது.

எந்தப் போரும் பாவமே என்று சொல்லும் கிறிஸ்தவர்களும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்கள் அத்தகையவர்கள்.

சரி, போர் நீதியானதா என்று சோதித்துப் பார்க்க வேண்டியவர் யார்? மன்னரும் மந்திரியும் மட்டும்தானா? மண்ணைக் கொத்திப் பிழைக்கும் பாமரனுக்கும் அந்த உரிமை உண்டா? இதற்குத் தம் உயிரையே விடையாகக் கொடுத்தார் ஒரு விவசாயி.

ஊரில் ஒரே ஒரு குரல்

ஃபிரான்ஸ் யாகர்ஸ்டெட்டர் 1907ஆம் ஆண்டில் ஆஸ்திரியா நாட்டில், செயின்ட் ராடகுண்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு மேல் படித்தவரல்லர். சில காலம் இரும்புச் சுரங்கத்தில் உழைத்தார். வாலிபத்தில் மோட்டார் சைக்கிளில் ஊரைச் சுற்றிய துடுக்கான பேர்வழி! 1936இல் ஃபிரான்சிஸ்கா என்ற பெண்ணை மணந்தார். அதன்பின் அவர் வாழ்க்கையில் பக்தி வேரூன்றியது. மூன்று பெண் குழந்தைகள் பிறந்தனர்.

1938இல் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. இணைப்புக்குச் சம்மதமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். செயின்ட் ராடகுண்டில் ‘வேண்டாம்’ என்று வாக்களித்தவர் யாகர்ஸ்டெட்டர் ஒருவரே.

அதே ஆண்டில் அவர் ஒரு கனவு கண்டார். அழகிய ரயில் ஒன்று மலையைச் சுற்றி வருகிறது. பெரியவர்களும் சிறுவர்களும் அதில் ஏற முண்டியடித்து ஓடுகிறார்கள். அந்த ரயில் நரகத்துக்குப் போகிறது என்று ஒரு குரல் சொல்கிறது! ஹிட்லரின் பின்னால் ஓடும் கூட்டத்தைத்தான் அந்தக் கனவு காட்டியது என்று அவர் உணர்ந்தார்.

எல்லோரும் சொன்ன புத்திமதி

1940இல் அவரைப் பட்டாளத்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். விவசாய வேலையை முன்னிட்டு 1941இல் வீடு திரும்பினார். அடுத்த முறை அழைத்தால் போவதில்லை என்று உறுதி செய்துகொண்டார். அண்டை நாடுகளைப் பறிக்கவும், தேவ நம்பிக்கையை ஒடுக்கவும் நடக்கும் போரில் எப்படிச் சேருவது என்பதே அவர் கேள்வி.

ஆலோசனை கேட்டு லின்ஸ் நகர ஆயரிடம் போனார். குடும்பத்தைக் காப்பதே உன் கடமை, அரசு செய்வதற்கு நீ பொறுப்பல்ல என்ற கருத்தையே ஆயரும் சொன்னார். உறவினரும் அதையே சொன்னார்கள். ஃபிரான்சிஸ்காவும் முதலில் கணவரின் மனத்தை மாற்ற முயன்றார். பிறகு அவர் பக்கமே நின்றார். தானும் கைவிட்டால் அவருக்கு இவ்வுலகில் யாருமில்லை என்று அந்தப் பெண்மணி எண்ணினார்.

1943 மார்ச் மாதம் யாகர்ஸ்டெட்டர் முகாமுக்குச் சென்று, ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று நேருக்கு நேர் சொன்னார். காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்ய வேண்டுமானால் வருகிறேன் என்றார். அதை யாரும் ஏற்கவில்லை. ஜூலை 6ஆம் தேதி பெர்லினில் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆகஸ்டு 9ஆம் தேதி சிரச்சேதம் செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 36. மூத்த மகளுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை.

விலை கொடுத்தவர் யார்?

நேயர்களே, கதை அங்கே முடியவில்லை. குடும்பத்தைத் தவிக்கவிட்டுப் போனவர் என்று ஊரார் தூற்றினார்கள். போர் நினைவுச் சின்னத்தில் அவர் பெயரைப் பொறிக்க முதலில் மறுத்தார்கள். விதவைக்கு உரிய உதவித் தொகையும் 1950 வரை கிடைக்கவில்லை. மூன்று குழந்தைகளையும் வயலையும் ஃபிரான்சிஸ்கா சுமந்தார். கணவர் தலையைக் கொடுத்தார்; மனைவியோ வாழ்நாளையே கொடுத்தார் எனலாம்.

1964இல் அமெரிக்கப் பேராசிரியர் கோர்டன் ஸான் எழுதிய நூல் இந்த வரலாற்றை உலகுக்கு எடுத்துச் சொன்னது. பம்பாயின் முன்னாள் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ், இவரை முன்மாதிரியாக வத்திக்கான் பொதுச் சங்கத்தின் கவனத்துக்குக் கொண்டு வந்தார். மனச்சாட்சிக்காக ஆயுதம் ஏந்த மறுப்போரைச் சட்டம் மனிதாபிமானத்தோடு நடத்த வேண்டும் என்று அச்சங்கம் 1965இல் கூறியது. 1997இல் பெர்லின் நீதிமன்றம் அவர்மீதான தீர்ப்பை ரத்துச் செய்தது. 2007இல் திருச்சபை அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தியபோது, 94 வயது ஃபிரான்சிஸ்கா அந்த விழாவைக் கண்ணாரக் கண்டார். 2013இல் தமது நூறாவது வயதில் மறைந்தார்.

எல்லாப் போரும் தவறு என்று யாகர்ஸ்டெட்டர் வாதிடவில்லை. இந்தப் போர் தவறு என்றார். மேதைகள் வகுத்த நிபந்தனைகள் ஏட்டில் உறங்குவதற்காக எழுதப்பட்டவை அல்ல. ஏர் பிடிப்பவனும் அவற்றைக் கையில் எடுத்துக் கேள்வி கேட்கலாம் என்று காட்டினார். மேலே உள்ளவர் சொன்னார், செய்தேன் என்று தப்பித்துக்கொள்ள வழி இருந்தும் அவர் அந்த வழியில் போகவில்லை.

அவர் பிடிவாதக்காரரா, புண்ணிய புருஷரா? குடும்பத்தோடு கூடியிருந்து பேசிப் பாருங்கள். ஆனால் ஃபிரான்சிஸ்காவை மறந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்!